ஹாஃப்டைமில் பாட்டு யாருக்கு?

பிப்ரவரி வந்தால் அமெரிக்காவில் ஒரு சண்டை நிச்சயம். அமெரிக்க ஃபுட்பாலின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் முடிந்த மறுநாள், கோப்பை யாருக்கு என்பதைவிட ஆட்டத்தின் நடுவில் பாடியவர் தேறினாரா இல்லையா என்பதுதான் பெரிய பேச்சாக இருக்கும். "ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை" என்பார் ஒருவர். "பிள்ளைகளை வைத்துக்கொண்டு பார்க்கிற மாதிரியா இருந்தது?" என்பார் இன்னொருவர். "ஆட்டம் பார்க்க உட்கார்ந்தவனுக்கு எதற்குக் கச்சேரி?" என்று மூன்றாமவர் அலுத்துக்கொள்வார். மூன்று பேருக்கும் கோபம் ஒன்றுதான்: இது எனக்காகச் செய்ததில்லை.

அவர்கள் சொல்வதில் தப்பே இல்லை. பெரும்பாலும் அது அவர்களுக்காகச் செய்தது கிடையாது. ஏன் என்று புரிய வேண்டுமானால் ஹாஃப்டைம் ஷோ என்ற சங்கதி எப்படி இப்படி ஆனது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

இந்த ஆட்டத்தைப் பார்த்தே இராதவர்களுக்காக முதலில் அடிப்படை. அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று சொல்வது நம் கால்பந்து இல்லை. இரு முனையும் கூம்பிய பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதும், எறிவதும், எதிரியை மோதிச் சாய்ப்பதுமான ஆட்டம். 15 நிமிடம் வீதம் நான்கு கால் பகுதிகள். கணக்குப்படி 60 நிமிடம்தான். ஆனால் கடிகாரம் நின்று நின்று ஓடுவதால் ஆட்டம் முடிய மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். இரண்டாம் பகுதி முடிந்து மூன்றாம் பகுதி தொடங்கும் வரை உள்ள இடைவேளைதான் ஹாஃப்டைம். இந்த ஆட்டத்தின் தொழில்முறை லீகான என்எஃப்எல்லின் சாதாரண ஆட்டங்களில் இது 13 நிமிடம். வீரர்கள் உள்ளே போய்த் தண்ணீர் குடித்து, அடிபட்ட இடத்துக்குக் கட்டுப் போட்டு, பயிற்சியாளரிடம் நாலு வார்த்தை வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்புவதற்குச் சரியாக இருக்கும். கேலரியில் இருப்பவர்களுக்கோ கழிப்பறை வரிசையில் நிற்கவே அந்த நேரம் பத்தாது.

சூப்பர் பௌல் இந்த லீகின் இறுதிப் போட்டி. அன்றைக்கு மட்டும் அந்த 13 நிமிடம் கிட்டத்தட்ட அரை மணி நேரமாக நீளும். மேடையை உள்ளே தள்ளிவந்து பூட்ட ஏழெட்டு நிமிடம், பாட்டுக்குப் பன்னிரண்டு, பதிமூன்று நிமிடம், பிரித்து வெளியே கொண்டுபோக மறுபடி ஆறேழு நிமிடம். நீளும் நேரம் பூராவும் பாட்டின் கணக்குதான்.

ஆரம்பத்தில் இப்படி இல்லை. 1967 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த முதல் போட்டியின் இடைவேளையில் அரிசோனா பல்கலைக்கழகம், கிராம்ப்லிங் கல்லூரி ஆகியவற்றின் பேண்டு வாத்தியக் குழுக்கள் வாசித்தன. ஆல் ஹர்ட் ட்ரம்பெட் ஊதினார். முதுகில் ராக்கெட் கட்டிய இரண்டு பேர் மைதானத்துக்கு மேலே பறந்தார்கள். புறா விட்டார்கள், பலூன் விட்டார்கள். கல்லூரி ஆட்டங்களில் இடைவேளை என்றால் பேண்டு என்பது அங்கே பழைய வழக்கம். அதையே கொஞ்சம் பெரிதாகச் செய்தார்கள், அவ்வளவுதான். அடுத்த இருபது வருடமும் ஏறக்குறைய இதே பாணி ஓடியது. அப் வித் பீப்பிள் என்ற இளைஞர் குழு, பளிச்சென்று உடுத்திக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி ஆடிப் பாடும். 1976 முதல் 1986 வரை நான்கு முறை அவர்கள்தான். 1989இல் எல்விஸ் வேடமிட்ட ஒரு மந்திரவாதி வந்து சீட்டு வித்தை காட்டினார், அதையும் முப்பரிமாணக் கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்க்கச் சொன்னார்கள். இதைப் பற்றி மேலும் சொல்ல ஒன்றுமில்லை.

திருப்பம் 1992இல் வந்தது. மினியாபொலிஸில் போட்டி. குளிர்காலத்தைக் கொண்டாடுவதுதான் இடைவேளை நிகழ்ச்சியின் கரு. பனிச்சறுக்கு வீரர்கள் சுழன்றார்கள், குளோரியா எஸ்தஃபான் பாடினார். ஒளிபரப்பியது சிபிஎஸ். அப்போது ஃபாக்ஸ் புதுசாக வந்த சின்ன சேனல். அவர்கள் ஒரு குறும்பு பண்ணினார்கள். தங்களிடம் இருந்த 'இன் லிவிங் கலர்' என்ற நகைச்சுவைத் தொடரின் சிறப்பு நிகழ்ச்சியைச் சரியாக அந்த இடைவேளை நேரத்தில் நேரலையாகப் போட்டார்கள். திரையின் ஓரத்தில் ஒரு கடிகாரம் வேறு: ஆட்டம் மறுபடி தொடங்க இன்னும் இத்தனை நிமிடம் இருக்கிறது, அதுவரை தைரியமாக இங்கேயே இருங்கள் என்று. இரண்டு கோடிக்கும் அதிகமான பேர் சேனலை மாற்றினார்கள்.

லீக் பயந்துவிட்டது. இத்தனை நாளும் இடைவேளை என்பது ஆட்டத்துக்கு நடுவில் உள்ள இடத்தை நிரப்பும் ஒரு வேலை. இப்போது அது ஓட்டை. விளம்பரதாரர்கள் காசு கொடுத்தது ஆள் பார்ப்பதற்குத்தான், அந்த ஆள் நடுவில் எழுந்து போகிறான் என்றால்? மறு வருடம், 1993 ஜனவரி 31 அன்று பாசடீனாவின் ரோஸ் பௌல் மைதானத்துக்கு மைக்கேல் ஜாக்சன் வந்தார். மேடைக்கு அடியிலிருந்து துள்ளி வெளியே குதித்தார். குதித்தவர் நின்றார். கறுப்புக் கண்ணாடி, ராணுவ உடை போல ஒன்று, கைகள் பக்கவாட்டில். அசையவில்லை. சுமார் ஒன்றரை நிமிடம் ஒன்றுமே செய்யவில்லை. கூட்டம் கத்திக்கொண்டே இருந்தது. தொலைக்காட்சியில் ஒவ்வொரு விநாடியும் பொன் விலை விற்கும் இரவில் ஒரு மனிதர் ஒன்றரை நிமிடம் சும்மா நிற்கிறார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றினார், ஆட்டம் பாட்டம் ஆரம்பித்தது. முடிவில் கேலரியில் இருந்தவர்கள் அட்டைகளை உயர்த்திப் பிடிக்க, மைதானத்தைச் சுற்றிக் குழந்தைகள் வரைந்த ஓவியங்கள் தெரிந்தன.

அன்றிலிருந்து கதை மாறிவிட்டது. பேண்டும் பலூனும் ஓரம் போய், உலகின் பெரிய பாடகர்கள் வரிசையில் வந்தார்கள். இன்றும் என்எஃப்எல் அவர்களுக்கு ஊதியம் என்று பெரிதாக ஒன்றும் கொடுப்பதில்லை. தொழிற்சங்க விதிப்படி உள்ள குறைந்தபட்சத் தொகை, மேடை, விளக்கு, ஆள் செலவு, இவ்வளவுதான். ஜாக்சன் வந்தபோதும் அவருடைய அறக்கட்டளைக்கு 1 லட்சம் டாலர் நன்கொடையும் விளம்பர நேரமும்தான் தந்தார்கள். பாடகருக்கு லாபம் வேறு இடத்தில்: அடுத்த நாளே பாட்டுகளின் விற்பனை ஏறும், சுற்றுப்பயணத்துக்கு டிக்கெட் பறக்கும். நிகழ்ச்சிக்குப் பெயர் சூட்டும் உரிமைக்கு ஸ்பான்சர் தனியாகப் பணம் கட்டுகிறார். 2022 வரை பத்து ஆண்டுகள் பெப்சி, 2023 முதல் ஆப்பிள் மியூசிக்.

இப்போது கேள்விக்கு வருவோம். இது யாருக்காக? 2025இல் நியூ ஆர்லியன்ஸில் கெண்ட்ரிக் லமார் பாடியதை அமெரிக்காவில் சராசரியாக 13.35 கோடிப் பேர் பார்த்ததாக, பார்வையாளர்களை எண்ணும் நீல்சன் நிறுவனத்தின் கணக்கு. அதே இரவு ஆட்டத்தின் சராசரி 12.77 கோடி. அதாவது ஆட்டத்தைவிடப் பாட்டுக்குக் கூட்டம் அதிகம். இடைவேளையில் டிவி முன்னால் வந்து உட்கார்ந்து, பாட்டு முடிந்ததும் எழுந்துபோகிற ஒரு கூட்டம் இருக்கிறது. ஃபுட்பால் ரசிகர்கள் எப்படியும் பார்ப்பார்கள், திட்டிக்கொண்டாவது பார்ப்பார்கள். அவர்களைப் பிடித்துவைக்க யாரும் மெனக்கெட வேண்டியதில்லை. மெனக்கெடல் எல்லாம் அந்த மற்றவர்களுக்காக: வருடத்தில் ஒரே ஒரு ஆட்டம் பார்க்கிற அத்தை, விளையாட்டே பிடிக்காத கல்லூரிப் பெண், வேறு நாட்டில் இருந்துகொண்டு மறுநாள் யூடியூபில் பார்ப்பவர். புகார் சொல்லும் ரசிகர் இந்த வியாபாரத்தில் ஏற்கெனவே கைக்குள் இருக்கும் வாடிக்கையாளர். அவர் கோபத்துக்கு எடை குறைவு. நியாயமா என்றால் இல்லைதான். ஆனால் கணக்கு அப்படி.

மைதானத்துக்கே போனவர்கள் பாடு இன்னும் வேடிக்கை. ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து டிக்கெட் வாங்கியவர்களுக்குத்தான் அந்த நிகழ்ச்சி சுமாராகத் தெரியும். கோணம், விளக்கு, நடனக்காரர்கள் நிற்கும் இடம் எல்லாமே கேமராவுக்காக அமைந்தவை. மேல் அடுக்கில் இருப்பவருக்குப் பாடகர் எறும்பளவு. மேடையைச் சுற்றித் துள்ளிக் குதிக்கும் கூட்டம் டிக்கெட் வாங்கி வந்த ரசிகர்கள் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். அவர்கள் ஒத்திகை பார்த்துக் கூட்டிவந்த ஆட்கள். நம் ஊர்க் கல்யாண ரிசப்ஷனில் லைட் மியூசிக் வைப்பார்களே, பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை பேச முடியாது, பின்னால் வீடியோவில் பார்த்தால் மட்டும் பிரமாதமாக இருக்கும், அந்தக் கதைதான்.

இதற்குப் பின்னால் உள்ள உழைப்பைக் குறைத்துச் சொல்லக் கூடாது. மேடை ஒரே துண்டு கிடையாது. பல துண்டுகள், ஒவ்வொன்றும் சக்கரம் வைத்த வண்டி. புல் நசுங்காமல் இருக்க அகலமான மெத்தென்ற டயர்கள். நடுவரின் விசில் ஊதியதும் நூற்றுக்கணக்கான பேர் இவற்றைத் தள்ளிக்கொண்டு சுரங்க வழியிலிருந்து ஓடிவருவார்கள். யார் எந்த வண்டி, எந்தக் கோட்டில் நிற்க வேண்டும் என்று வாரக்கணக்கில் ஒத்திகை. ஒரு வண்டி சிக்கினால் பின்னால் வரும் எல்லாம் சிக்கும். புல்தான் இதில் பெரிய தலைவலி, ஏனென்றால் பாட்டு முடிந்ததும் அதே புல்லில்தான் கோப்பைக்கான மீதி ஆட்டம். அதனால்தான் 2023இல் ரிஹானா பாடியபோது மேடைகளைக் கயிற்றில் அந்தரத்தில் தொங்கவிட்டார்கள். 2026இல் சாண்டா கிளாராவில் பேட் பன்னி பாடியபோது மைதானத்தில் ஆளுயரப் புற்காடு ஒன்று தெரிந்தது. அது செட் இல்லை, புல் வேடம் போட்ட மனிதர்கள். எத்தனை வண்டி உள்ளே வரலாம் என்பதற்கு வரம்பு இருந்ததால், காட்டை வண்டியில் ஏற்றாமல் காலில் நடக்கவைத்தார்கள். வேலையென்றால் இது வேலை.

இத்தனை திட்டத்திலும் சில சமயம் திட்டம் போடாதது வந்து ஜெயித்துவிடும். 2007இல் மயாமியில் பிரின்ஸ் பாட வேண்டிய நேரத்தில் மழை கொட்டியது. சூப்பர் பௌல் வரலாற்றில் மழையில் நடந்த முதல் போட்டி அது. வழுக்கும் மேடை, மின்சாரக் கிடார். சமாளிப்பீர்களா என்று கேட்டதற்கு, இன்னும் பலமாகப் பெய்யவைக்க முடியுமா என்று அவர் திருப்பிக் கேட்டதாகத் தயாரிப்பாளர் பின்னாளில் சொன்னார். ஊதா விளக்கில் மழைத் தாரை தெரிய அவர் வாசித்ததைப் பொருத்தமில்லை என்று சொன்ன ரசிகரை நான் பார்த்ததில்லை.

பொருத்தம் என்ற சொல்லை அமெரிக்கர்கள் இந்த விஷயத்தில் எடுத்தாலே 2004 ஹூஸ்டன் போட்டி நினைவுக்கு வந்துவிடும். ஜஸ்டின் டிம்பர்லேக் இழுத்ததில் ஜேனட் ஜாக்சனின் உடை கிழிந்து, ஒரு நொடிக்கும் குறைவான நேரம் மார்பு தெரிந்தது. ஒளிபரப்புத் துறையைக் கண்காணிக்கும் எஃப்சிசி அமைப்புக்கு 5.4 லட்சம் புகார்கள் போயின. சிபிஎஸ்ஸுக்கு 5.5 லட்சம் டாலர் அபராதம், பல ஆண்டு வழக்குக்குப் பிறகு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அடி விழுந்தது ஜேனட்டின் தொழிலுக்கு. டிம்பர்லேக் 2018இல் அதே மேடைக்குத் திரும்பி வந்து பாடினார், ஜேனட்டுக்கு அந்த அழைப்பு வரவில்லை. இதை என்னால் இன்றும் ஜீரணிக்க முடியவில்லை.

அதற்குப் பின் லீக் செய்தது சுவாரசியம். அடுத்த ஆறு ஆண்டுகளுக்குப் பால் மெக்கார்ட்னி, ரோலிங் ஸ்டோன்ஸ், ஸ்பிரிங்ஸ்டீன், தி ஹூ என்று வயதில் மூத்த ராக் பாடகர்களாகவே பார்த்துக் கூப்பிட்டார்கள். யாருக்கும் முகம் சுளிக்காது. இளைஞர்களுக்குக் கொட்டாவி வரும், அது பரவாயில்லை.

நம் ஆள் ஒருவரும் இந்தக் கதையில் உண்டு. லண்டனில் பிறந்து, சிறுவயதில் சில ஆண்டுகள் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த மாதங்கி அருள்பிரகாசம், எம்ஐஏ என்ற பெயரில் உலகம் அறிந்த பாடகி. 2012இல் மடோனாவுடன் மேடையேறியவர் கேமராவைப் பார்த்து நடுவிரலைக் காட்டினார். கண் சிமிட்டும் நேரம்தான். லீக் அவர்மேல் நஷ்ட ஈடு கேட்டுப் போனது. தொகை ஏறி ஏறி 1.66 கோடி டாலரில் நின்றது. 2014இல் இரு தரப்பும் பேசி முடித்துக்கொண்டன. லீகின் நற்பெயரைக் குலைத்துவிட்டார் என்பது குற்றச்சாட்டு. வாராவாரம் மூளை அதிர ஆட்கள் மோதிக்கொள்ளும் ஆட்டத்துக்கு ஒரு விரலால் பெயர் கெட்டுவிடுமா என்று அப்போதே பலர் சிரித்தார்கள்.

2026இல் சண்டை உடையைப் பற்றி இல்லை, மொழியைப் பற்றி. பேட் பன்னி போர்ட்டோ ரிக்கோக்காரர், ஸ்பானிஷில் பாடுபவர். அமெரிக்க இறுதிப் போட்டியில் ஆங்கிலத்தில் பாடாதவரா என்று பெரிய எதிர்ப்பு. அதே நேரத்துக்கு ஒரு வலதுசாரி அமைப்பு இணையத்தில் போட்டி நிகழ்ச்சியே நடத்தியது. 1992இல் ஃபாக்ஸ் செய்த அதே வித்தை, காரணம்தான் வேறு. போர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர்கள் அமெரிக்கக் குடிமக்கள் என்பதை எதிர்த்தவர்களில் பலர் வசதியாக மறந்துவிட்டார்கள். லீகின் மனதில் இருந்ததோ வேறு கணக்கு. 2024இல் சாவோ பாலோவிலும் 2025இல் மாட்ரிடிலும் ஆட்டங்களை நடத்தியவர்கள் அவர்கள். உள்ளூரில் இனிப் புதிதாகப் பிடிக்க ஆள் இல்லை, வெளியூரில் இருக்கிறார்கள்.

சரி, ரசிகரும் நிகழ்ச்சியும் ஒத்துப்போகிற இடமே இல்லையா? இருக்கிறது. அதே நியூ ஆர்லியன்ஸில் நவம்பர் மாதம் நடக்கும் பேயூ கிளாசிக் ஆட்டத்துக்குப் போக வேண்டும். கிராம்ப்லிங், சதர்ன் என்ற இரண்டு கறுப்பினக் கல்லூரிகள் மோதும் ஆட்டம். இடைவேளை வந்தால் அங்கே யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். இரண்டு கல்லூரி பேண்டுகளும் மாறி மாறி வாசித்து ஆடும், அதற்காகவே வந்தவர்கள் பாதிப் பேர். வாசிப்பவர் கேலரியில் இருப்பவரின் மகன், அல்லது அவரே ஒரு காலத்தில் அதே சீருடையில் ட்ரம் அடித்தவர். வெளியிலிருந்து கொண்டுவந்து வைத்த நிகழ்ச்சி இல்லை அது.

கூடைப்பந்து ஆட்டங்களில் இன்னொரு வகை. ரெட் பாண்டா என்ற பெயரில் ஒரு பெண்மணி பல ஆண்டுகளாக என்பிஏ இடைவேளைகளில் வித்தை காட்டுகிறார். ஆளைவிட உயரமான ஒற்றைச் சக்கர சைக்கிளில் ஏறி உட்கார்ந்து, காலின் மேல் கிண்ணங்களை அடுக்கி, ஒரே உதையில் அவற்றைத் தலைமேல் உள்ள கிண்ணத்தில் விழவைப்பார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கை ஏறும். பாப்கார்ன் வாங்கப் போனவர்கள் வழியிலேயே நின்றுவிடுவார்கள். 2025 ஜூலையில் மினியாபொலிஸில் அவர் சைக்கிளிலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்தபோது வீரர்களே கவலைப்பட்டு விசாரித்தார்கள். அவருக்கு மேடை வேண்டாம், புகை வேண்டாம், ஆட்டத்தின் நேரத்தில் ஒரு நிமிடம்கூடக் கூடுதலாக வேண்டாம். அரங்கில் உள்ளவர்களுக்காகவே செய்வது. எனக்குக் கேட்டால் இடைவேளை நிகழ்ச்சி என்றால் இதுதான்.

கிரிக்கெட்டில் இந்தச் சிக்கல் கொஞ்சம் குறைவு. இரண்டு இன்னிங்ஸுக்கு நடுவில் இயல்பாகவே நீண்ட இடைவெளி உண்டு. 2023 நவம்பர் 19 அன்று அகமதாபாத் உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் பிரீதம் குழு பாடியபோது ஆட்டத்தின் நேரத்தை யாரும் களவாடவில்லை. இந்தியா 240 ரன்னுக்குச் சுருண்டு கிடக்க, அந்த மனநிலையில் பாட்டைக் கேட்க யாருக்குத் தெம்பு இருந்தது என்பது வேறு விஷயம்.

உண்மையான உரசல் இனிக் கால்பந்தில்தான். அந்த ஆட்டத்தின் ரசிகர்களுக்கு இடைவேளையில் பாட்டு என்பது பழக்கமே இல்லை. ஹெலன ஃபிஷர் ஜெர்மனியின் மிகப் பெரிய பாடகிகளில் ஒருவர். 2014இல் ஜெர்மனி உலகக் கோப்பை வென்று திரும்பியபோது பெர்லினின் பிராண்டன்பர்க் வாயிலில் வீரர்களோடு நின்று பாடினார், லட்சக்கணக்கானோர் கூடவே பாடினார்கள். 2017இல் அதே பெர்லினில், ஜெர்மன் கோப்பை இறுதிப் போட்டியின் இடைவேளையில் பாடினார். டார்ட்மண்ட், ஃபிராங்க்ஃபர்ட் இரண்டு அணிகளின் ரசிகர்களும் அன்றைக்கு ஒற்றுமையாகச் செய்த ஒரே காரியம் அவர் பாடி முடிக்கும் வரை விசிலடித்து விரட்டியதுதான். ஒரே பாடகி, ஒரே ஊர். முதல் முறை வெற்றி விழாவுக்கு வந்தவர்கள், இரண்டாம் முறை ஆட்டத்துக்கு வந்தவர்கள். தங்கள் ஆட்டத்தை வியாபாரமாக்குகிறார்கள் என்று கால்பந்துச் சங்கத்தின் மேல் இருந்த எரிச்சலை எல்லாம் அந்த அம்மா தலையில் கொட்டினார்கள், பாவம்.

கால்பந்தின் சட்டப்படி இடைவேளை 15 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. 25 நிமிடமாக்கலாமா என்று தென் அமெரிக்கக் கூட்டமைப்பு 2021இல் கேட்டது. சட்டங்களை வகுக்கும் ஐஎஃப்ஏபி ஒத்துக்கொள்ளவில்லை. வியர்த்து ஓடிய உடம்பு வெகுநேரம் சும்மா இருந்தால் தசை குளிர்ந்து இறுகும், மறுபடி வேகம் எடுக்கும்போது காயம் படலாம் என்ற கவலைதான் காரணம். அமெரிக்க ஃபுட்பாலில் வீரர்களை அடிக்கடி மாற்றலாம், உட்கார்ந்து எழுவது அவர்களுக்குப் பழக்கம். அங்கேயே சில பயிற்சியாளர்கள் சூப்பர் பௌலுக்கு முந்தைய பயிற்சியில் நீண்ட இடைவேளைக்கும் ஒத்திகை பார்க்கிறார்கள். கால்பந்தில் 45 நிமிடம் நிற்காமல் ஓடுகிறவனின் நிலை வேறு. ஆனாலும் 2024 கோப்பா அமெரிக்கா இறுதிப் போட்டியில், மயாமியில், ஷகீரா பாடுவதற்காக இடைவேளையை 25 நிமிடமாக்கினார்கள். கொலம்பியாவின் பயிற்சியாளர் நெஸ்தோர் லொரென்சோ முன்கூட்டியே முணுமுணுத்தார், அதுவும் பாடியவர் தன் அணியின் நாட்டுக்காரர் என்று தெரிந்தே.

2025 கிளப் உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் ஃபிஃபாவும் இறங்கியது. நியூ ஜெர்சியின் மெட்லைஃப் மைதானத்தில் மேடையைப் புல்லில் வைக்காமல் கேலரியின் மேலே கட்டினார்கள். புல் பிழைத்தது, மேடையைத் தள்ளும் நேரமும் மிச்சம். 2026 உலகக் கோப்பை இறுதிப் போட்டிக்கும் அதே மைதானத்தில் ஹாஃப்டைம் ஷோ என்று 2025 மார்ச்சிலேயே அறிவித்துவிட்டார்கள். இந்த மாதிரி நிகழ்ச்சியைப் பார்க்கும்போது பாடகரைவிடக் கடிகாரத்தைக் கவனியுங்கள். 15 நிமிடத்துக்குள் வீரர்கள் மைதானத்துக்குத் திரும்பிவிட்டால், பாட்டு பிடிக்காத ரசிகருக்கு இழப்பு ஒன்றுமில்லை, எழுந்துபோய் ஒரு காபி குடித்துவிட்டு வரலாம். அதைத் தாண்டினால் புகார் சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு, ஏனென்றால் சட்டப் புத்தகத்தின்படி இடைவேளையின் நீளத்தை மாற்றும் அனுமதி பாடகரிடமும் இல்லை, ஸ்பான்சரிடமும் இல்லை, நடுவரிடம்தான் இருக்கிறது.